இருப்பு மதாமுக்கு

உளுத்த தேக்குக்கு ஒரு வாசனை உண்டு. மிளகும் பழைய காகிதமும் கலந்தாற்போல மூக்கின் அடியில் போய்க் காரமாக உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். கயிறு கட்டி உத்தரத்தை இறக்கும்போது அது பாதியில் முறிந்து, உள்ளேயிருந்து மாவு மாவாகக் கொட்டியது. காற்று அதை எங்கள் கூடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து அதே பக்கத்தை மறுபடியும் படித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாத்திய ஜன்னல் அந்த வாசனையை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

புதுச்சேரியில் நாங்கள் வீடு வாங்கியதைச் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம். ஊரில் விநோதமான ஓர் அமைதி. வாய்க்காலுக்குக் கிழக்கே நடந்துபோனால் பாதி வீடுகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. சாயம் வெளுத்த கதவு, இழுத்துச் சாத்திய ஜன்னல், மதிலுக்கு மேலே யாரையோ தேடுகிற காகிதப்பூக் கொடி. மேற்கே எங்கள் ஆட்கள் இருக்கிற தெருக்களிலும் கப்பல் ஏறிப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. விற்கிறவர்கள் மெதுவாகப் பேசினார்கள். வாங்க வந்தவர்கள் அதைவிட மெதுவாகப் பேசினார்கள். பிணம் எடுக்காத வீட்டில் நின்றுகொண்டு பேரம் பேசுவது போல இருக்கும். கடல் மட்டும் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

மதராசிலிருந்து புது அதிகாரிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டும். டவுனுக்குள் ஒரு வீடு மட்டும் இருந்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். அவர் மில்லில் நூல் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த பேல் எவ்வளவு, போன பேல் எவ்வளவு, மாலையில் இருப்பு எவ்வளவு என்று எழுதுவது அவர் வேலை. நாங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். உழவர்கரையில் அவர் பங்குக்கு வந்த நெல் வயல் கொஞ்சம் இருந்தது. நெல் வருஷத்துக்கு ரெண்டு தரம்தான் விளையும், வாடகை மாசா மாசம் விளையும் என்று தன் அண்ணனிடம் சொல்லிவிட்டு அந்த வயலை விற்றார். எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் அந்த வயல்தான்.

முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவனுக்குக் கேள்விகள் நமைச்சல் மாதிரி. அவர் பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். முடிவெட்டுகிறவர், மில் வாசல் டீக்கடைக்காரர், சைக்கிளில் கூட வருகிறவர், யாரும் தப்பவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வாடகை குறையுமா? பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்றால் அதில் ஆணி அடிக்க யாரைக் கேட்கணும்? குடிவந்தவன் காலி பண்ண மாட்டேன் என்றால் எந்தக் கோர்ட்டு, பிரெஞ்சா இங்கிலீஷா? தெருவில் வாய்க்கால் நாற்றம் அடித்தால் அதிகாரி வருவாரா? நாளைக்கே பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்துவிட்டால் இந்தப் பத்திரம் செல்லுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

தரகர் ஒருவர் கிடைத்தார். கொடி இறங்குகிறவரை எல்லோரையும் முசியே என்று கூப்பிட்டவர், இறங்கிய பிறகு சார் என்று மாற்றிக்கொண்டாராம். இரண்டையும் மறக்க முடியாமல் என் வீட்டுக்காரரைச் சில சமயம் முசியே சார் என்றே கூப்பிட்டார். அவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. தண்ணீர் இளநீர், சுவர் தனிச்சுவர், நாற்றம் கிழக்குக் காற்று அடித்தால் போய்விடும். பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்தால் இன்னும் நல்லது, விலை ஏறும் என்றார்.

வீடு ரயிலடிக்குப் போகிற வழியில், மாதா கோயில் மணி நன்றாகக் கேட்கிற தெருவில் இருந்தது. பார்க்கப் போன அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவைப் பார்த்த பெரிய அறை, அதற்குள் ஓர் இரும்புக் கட்டில், மேலே குறுக்காக ஒரே ஒரு உத்தரம். அதன்மேல்தான் அந்த அறையின் மேல்தளம் முழுக்க உட்கார்ந்திருந்தது. உள்ளே முற்றம், கிணறு, சமையல்கட்டு. வீட்டுக்காரி ஒரு விதவை. தெருவில் எல்லோருக்கும் அவர் மதாம். மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை, எங்களைப் போல மாநிறம்தான். வேதக்காரக் குடும்பம். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்து, வந்த பிறகு செத்துப்போனவர். பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையும் கழுத்து மூடின ரவிக்கையுமாக நிமிர்ந்து நிற்பார். காபியைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பார். பேச்சு எங்கள் பேச்சுத்தான். நடுவே ஒரு பிரெஞ்சு வார்த்தை ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

விலை குறைவாக இருந்தது. மிகவும் குறைவு. என் வீட்டுக்காரர் அதைத் தன் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டார். திரும்பி வருகிற வழியில் நான் தரகரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்தம்மா எங்க போவாங்க?"

தரகர் சிரித்தார். "எல்லாரும் எங்க போறாங்களோ அங்கதாம்மா. பிரான்சுல இல்லாத எடமா?"

என் வீட்டுக்காரரும் சிரித்தார். விற்கிறவங்க எங்க போனா நமக்கென்ன என்றார். அத்தனை கேள்வி கேட்டவர் அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் பத்திரப் பதிவு நொத்தேர் ஆபீஸில்தான். பிரெஞ்சில் எழுதி, பிரெஞ்சில் படித்து, கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்கு வராந்தா முழுக்க விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும். நொத்தேர் ஒரே மூச்சில் படித்து முடித்தார். மழை பெய்து ஓய்ந்தது மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற குமாஸ்தா அத்தனையையும் எங்களுக்காக ஒரே வரியில் தமிழாக்கினார்.

"சொத்து உங்களுக்கு. இருப்பு மதாமுக்கு. சம்மதம்தானே?"

என் வீட்டுக்காரர் கைகூப்பினார். "தாராளமா. இருப்பு அவங்களுக்கே இருக்கட்டும். எங்களுக்கு வேணாம்."

மதாமின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெர்சி என்றார், நல்ல மனசு என்றார். தெருவில் இறங்கி நடக்கும்போது என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்: பழைய மேஜை நாற்காலியும் அந்த இரும்புக் கட்டிலும் நமக்கெதுக்கு, பாவம் எடுத்துக்கொண்டு போகட்டுமே.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடங்கில் வேலை பார்க்கிறவர் பெண்டாட்டிக்கு இருப்பு என்றால் சரக்கு. மிச்சம் இருக்கிற சாமான். வேறு அர்த்தம் எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இல்லை.

சாமான் எடுத்துப் போக அவகாசம் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பூட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். மதராஸ் அதிகாரி ஒருவர் வேறு மறுவாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கதவைத் தட்டினோம். மதாம் திறந்தார். கட்டில் அதே இடத்தில் இருந்தது. மேஜையில் பூச்செண்டு. கிண்ணத்தில் எங்களுக்கும் காபி ஊற்றினார். என் வீட்டுக்காரர் பூட்டை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, எப்போது கப்பல் என்று கேட்டார்.

"கப்பலா? எனக்கா?"

அவர் நிதானமாகத்தான் சொன்னார். பென்சன் சரியாக வருவதில்லை, அதனால் வீட்டை விற்றார். ஆனால் உயிர் இருக்கிறவரைக்கும் அங்கேயே இருக்கிற உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விற்றார். அதனால்தான் விலை குறைவு. நொத்தேர் ஆபீஸில் அந்த உரிமைக்கு இருப்பு என்றுதான் சொல்வார்கள், தலைமுறையாக அப்படித்தான் சொல்வார்கள்.

"நான் இருக்கற வரைக்கும் நான் இருக்கறது, முசியே. அதான் இருப்பு," என்றார். "நீங்கதான் பெரிய மனசு பண்ணி எனக்கே இருக்கட்டும்னீங்க."

காபி நன்றாக இருந்தது. அதை நான் மறக்கவில்லை. நாக்கில் இனிப்பு. பக்கத்தில் என் வீட்டுக்காரர் வேட்டி மடிப்பிலிருந்த பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே நொத்தேர் ஆபீஸுக்கு ஓடினார். குமாஸ்தாவுக்கு இவர் ஏன் கத்துகிறார் என்றே விளங்கவில்லையாம். ஒன்றும் செய்ய முடியாது என்றும், கூரை, சுவர், உத்தரம் மாதிரிப் பெரிய பழுதெல்லாம் சொத்துக்காரர் செலவு என்றும், சுண்ணாம்பு அடிப்பது மட்டும்தான் மதாம் செலவு என்றும் கூடுதலாகத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். தரகரைத் தேடினார். அவர் காரைக்கால் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வாங்கினதைத் தள்ளிவிடலாம் என்றால், உள்ளே கிழவி இருக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்.

செய்தி உழவர்கரைக்குப் போயிற்று. அவருடைய அண்ணன் சொன்னது எங்கள் காதுக்கு வரத் தாமதமாகவில்லை: "வயல வித்துட்டுக் கெழவிய வாங்கியாந்திருக்கான்."

மில்லுக்கும் போயிற்று. அங்கே அது வேடிக்கையாகப் பிடித்துக்கொண்டது. கிடங்குக்கு நூல் எடுக்க வருகிறவர்கள் கேட்பார்களாம், இருப்பு எப்படிண்ணே? முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சிரிக்கப் பழகினார். பிறகு பதிலும் சொல்லப் பழகினார். மதாமுக்கு இருமல் என்று தெரிந்தால் இருப்பு குறையுது என்பார். கோயிலுக்கு நடந்து போவதைப் பார்த்துவிட்டு வந்தால் இருப்பு கூடுது என்பார். கிடங்கே சிரிக்குமாம். அதை வீட்டில் வந்து என்னிடமும் சொல்வார், சோற்றைப் பிசைந்துகொண்டே. நானும் முதல் தடவை சிரித்தேன். வேடிக்கைதானே.

வேடிக்கை என்பது ஈரச் சுவரில் ஏறுகிற உப்பு மாதிரி. ஏறுவது தெரியாது. ஒருநாள் பார்க்கும்போது சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். அவர் மதாமை அடிக்கடி போய்ப் பார்க்க ஆரம்பித்தார். பழம் வாங்கிக்கொண்டு போவார். தூக்கம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு வருவார். மதாம் ஒருமுறை என்னிடம் சொன்னார், உன் வீட்டுக்காரர் மாதிரி என் உடம்பை விசாரிச்சவங்க யாரும் இல்ல, என் புருஷன்கூட இல்ல என்று. சொல்லிவிட்டு, எங்க அம்மா தொண்ணூறு தாண்டினாங்க என்று சேர்த்துக்கொண்டார். எதற்காக அதைச் சேர்த்தார் என்று வழியெல்லாம் யோசித்தேன். வெயில் கொளுத்தியது. எனக்குக் குளிர்ந்தது.

நானும் போவேன். போகப் பிடித்திருந்தது. சைகோன் மழை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்புக்கு நடுவே அவர் இருமினால் என் காது தானாக அதை எடை போட்டது. அதற்காக என் காதை நான் வெறுத்தேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவது மழைக்கு முன்னால் மதாமிடமிருந்து ஆள் வந்தது: கட்டில்மேல் மாவு கொட்டுகிறது, உத்தரத்தைப் பார்க்க வேண்டும்.

இருவரும் போனோம். படுக்கை விரிப்பில் மஞ்சளாக மாவு, யாரோ சலித்துத் தூவினது போல. அந்த வாசனை அப்போதுதான் முதலில் என் மூக்கில் ஏறியது. அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி உத்தரத்தைத் தட்டினார். டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டது. நடுவுக்கு வந்து தட்டினார். அங்கே சத்தம் மாறியது. காலித் தகரத்தைத் தட்டினது போல, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு சத்தம். அவர் கை அப்படியே நின்றது. மறுபடி தட்டவில்லை. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, நல்ல தேக்கு மதாம், மேலாக்க உளுத்திருக்கு, மழை முடியட்டும் பார்த்துக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன், உள்ளே பொக்கையாகத்தானே கேட்டது என்று. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். உத்தரம் மாற்றுவதென்றால் சும்மாவா, குடியிருக்காத வீட்டுக்கு எவ்வளவுதான் கொட்டுவது என்றார். எனக்கென்ன மரவேலையா தெரியும் என்றார். அப்புறம், மழை முடியட்டும் என்று மறுபடியும் சொன்னார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது. புதுச்சேரி மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது கடலிலிருந்து நடந்து வரும். தளத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனக்கும். நான் ரெட்டியார்பாளையத்தில் ஓட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கனத்தை என் தலைமேல் உணர்ந்தேன். அவர் மில்லுக்குப் போனார், வந்தார். மழை பலத்த நாட்களில் சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி எதையோ காது கொடுத்துக் கேட்பார். இங்கிருந்து அந்த வீடு கேட்குமா என்ன? கேட்டார். நான் பார்த்தேன். மில்லில் யாராவது இருப்பு எப்படி என்று கேட்டால் இப்போது அவர் பதில் சொல்வதில்லையாம். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மழை சற்று விட்ட ஒரு மத்தியானம் மதாமைப் பார்க்கப் போனேன். கட்டில் உத்தரத்துக்கு நேர் கீழே இருந்தது. விரிப்பில் மாவு, முன்னைவிட அதிகம். கட்டிலை நகர்த்திப் போடக் கூடாதா மதாம் என்றேன்.

"போட்டிருந்தேனே. உள் ரூம்ல போட்டிருந்தேன்," என்றார் மதாம். "உன் வீட்டுக்காரர்தான் முந்தாநாள் வந்து, தானே தூக்கிக் கொண்டாந்து இங்கயே போட்டுட்டுப் போனார். இங்கதான் காத்து வரும்னார்."

முந்தாநாள் மில் விட்டு அவர் தாமதமாக வந்தார். நனைந்திருந்தார். கிடங்கில் வேலை என்றார்.

மதாம் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாய், தலையணை, சுவர் ஆணியில் ஜெபமாலை.

"அன்னைக்கிலேருந்து இங்கதான் படுக்கறேன்," என்றார். "நாலு மழை பாத்தவம்மா நான்."

அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள், பழம் வாங்கி வருகிற நல்ல மனுஷர். மழை பிடிக்கறதுக்குள்ள நீ வீட்டுக்குப் போ, ஒண்ணும் கேக்காத, ஆம்பளைங்ககிட்ட கேட்டா பிடிவாதம்தான் வளரும் என்றார் மதாம். நான் போகவில்லை. மதாம் தப்பித்துக்கொண்டார், சரி. நான் என் வீட்டுக்காரரோடு சாப்பிட வேண்டியவள், அவர் பக்கத்தில் படுக்க வேண்டியவள். உத்தரம் வெறும் கட்டில்மேல் விழுந்தாலும் அது மதாம்மேல் விழட்டும் என்று போட்ட கட்டில். அந்தச் சத்தத்தை வாழ்நாள் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே படுக்கப்போட என்னால் ஆகாது.

முன்னறைக்கு வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். மதாம் பைத்தியமா உனக்கு என்று கத்தினார். இழுத்துப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். மழை மறுபடி பிடித்தது. மேலே மரம் என்னவோ முனகியது. நாய் தூக்கத்தில் முனகுவது போல. மாவு என் மடியில் விழுந்தது. தலைமுடியில் விழுந்தது. நான் தட்டிவிடவில்லை.

மில் விட்டு வீட்டுக்குப் போய், என்னைக் காணாமல், முன்கட்டு அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவர் அங்கே வந்து சேர்ந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"எழுந்து வா," என்றார்.

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போலாம். வா."

"இங்க நல்லா காத்து வருது. நீங்கதான் சொன்னீங்களாமே."

அவர் மேலே பார்க்கவில்லை. மேலே பார்க்கக் கூடாதென்று கழுத்தைக் கட்டிப்போட்டவர் மாதிரி என்னையே பார்த்தார்.

"வெளயாடாத. எழுந்திரு."

"எதுக்குன்னு சொல்லுங்க. எழுந்துக்கறேன்."

மதாம் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். கையில் காபிக் கிண்ணம். மழை தன் கணக்கைத் தளத்தின்மேல் சேர்த்துக்கொண்டே இருந்தது. வீடு வாங்குவதற்கு முன்னால் ஊரெல்லாம் கேள்வி கேட்ட மனுஷர் என்னுடைய ஒரு கேள்விக்கு முன்னால் நின்றார். முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆயிற்று.

"உத்தரம் தாங்காது," என்றார். "விழுந்துடும். வந்துடு."

நான் இறங்கி வந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. மதாம் கிண்ணத்தை அவரிடம் நீட்டி, குடிங்க முசியே, ஆறிடும் என்றார். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. இருட்டுவதற்குள் அவர் அனுப்பிய கொத்தனாரும் ஆட்களும் பனங்கட்டையோடு வந்து முட்டுக் கொடுத்தார்கள்.

மழை முடிந்தபின் உத்தரத்தைக் கழற்றி, பழைய தண்டவாளம் ஒன்றை வாங்கி ஏற்றினார்கள். கடன்பட்டுத்தான் செய்தோம். அவர் அதற்கப்புறம் மதாமைப் பார்க்கப் போகவில்லை. எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை, இன்றுவரை. ஒருநாள் மில்லில் ஒரு பையன் இருப்பு எப்படிண்ணே என்று கேட்டதற்கு அவனை அடித்துவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

மதாம் இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் நான் போய்ப் பார்ப்பேன். அவர் நடை தளர்ந்தது, கண் மங்கியது, வாய் தளரவில்லை.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் கைமாறியது. பிரெஞ்சுக்காரராக இருக்கப்போகிறீர்களா என்று இஷ்டப்பட்டவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் வீடுகள் விலைக்கு வந்தன. என் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் வேறு மில்லில் வேலை கிடைத்தது. கடனை அடைக்க வேண்டும், கிளம்ப வேண்டும். வீட்டை விற்றுவிடலாம் என்றார். முன்பு யாரும் வாங்க மாட்டார்கள் என்றிருந்த வீட்டுக்கு இப்போது ஆள் வந்தது. மதாமுக்கு வயது ஏறியிருந்தது, அதனால் விலையும் ஏறியிருந்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வந்தவர் இளம்வயதுக்காரர், துணிக்கடை வைத்திருந்தார். நறுவிசாகப் பேசினார். அவருக்கும் இதுதான் முதல் வீடாம். தண்ணீர் எப்படி, சுவர் யாருடையது, வரி யார் கட்டுவது, வாடகைக்கு விட்டால் என்ன வரும், கொஞ்ச நாள் கழித்து விற்றால் ஏறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பழைய தரகரின் குரல் கேட்டது. ஆனால் கடைசியில் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தம்பி, ஒரு விஷயம் நல்லாக் கேட்டுக்கோங்க என்று ஆரம்பித்தார். இருப்பு என்றால் சாமான் இல்லை என்று விளக்கினார். அந்த அம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் நீங்கள் உள்ளே கால் வைக்க முடியாது, கூரை விழுந்தால் உங்கள் செலவு, பத்து வருஷமும் ஆகலாம், இருபதும் ஆகலாம் என்றார். தனக்கு யாரும் சொல்லாததை ஒன்று விடாமல் சொன்னார். நெற்றியில் வியர்வை.

இளைஞர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியுங்க," என்றார். "தெரிஞ்சுதான் வாங்கறேன். நேத்தே போயி அம்மாவப் பாத்துட்டு வந்துட்டேன்."

நொத்தேர் ஆபீஸில் கையெழுத்தாயிற்று. குமாஸ்தா வேறு ஆள். அதே ஒரு வரி. இளைஞர் எதையும் தாராளமாக விட்டுக்கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்புகிற அன்று காலையில் மதாமிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். என் வீட்டுக்காரர் சாமானோடு ரயிலடியில் இருந்தார். தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. மதாம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தடவிப் பார்த்து, மெலிந்துவிட்டாய் என்றார். கோயமுத்தூரில் கடல் இல்லையாமே, எப்படித் தூக்கம் வரும் என்றார். புதுசாக வீடு வாங்கியவர் நல்ல பிள்ளை, ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார், வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார், நான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், துணி காயப்போட நானேதான் மொட்டைமாடி ஏறுகிறேனா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார் என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. வெளியே ரயில் கூவியது. நான் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். படியில் இறங்கியவளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று மங்கின கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"மாடிப்படில கைப்பிடி ஆடுதும்மா," என்றார். "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிடாத."